போத்தலில ஒட்டின தங்கம்

போன சீசன் முடியிற நேரம். திருகோணமலை உப்புவெளியில நாங்கள் நடத்துற சின்ன விடுதியில (ஆறு அறை, அதில ஒண்டின்ர ஏசி வருசம் முழுக்கப் பழுது) ஒரு வெள்ளைக்காரர் வந்து தங்கினார். பின்னேரம் விறாந்தையில இருந்து, தானே வாங்கிக்கொண்டு வந்த லயன் ஸ்டவுட் (இலங்கையில காய்ச்சிற கறுத்த பியர்) ஒண்டைத் திறந்தார். கிளாசில ஊத்தி வெளிச்சத்துக்குப் பிடிச்சார். மூக்கை உள்ள விட்டு மணந்தார். பிறகு ஒரு வாய். பிறகு கொஞ்ச நேரம் கதையே இல்லை.

"இங்க எல்லாரும் இதைத்தான் குடிக்கிறதோ?" எண்டு கேட்டார். கிழவன்மார்தான் கூட எண்டு சொன்னன். வேற என்ன சொல்ல? எனக்குத் தெரிஞ்ச ஸ்டவுட் எங்கட பெரியப்பாவின்ர ஸ்டவுட். பச்சை முட்டை ஒண்டை உடைச்சு ஊத்தி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கசாயம் மாதிரி இறக்குவார். இடுப்பு நோவுக்கு நல்லதாம். பெரியம்மா நம்பேல்லை.

அந்த வெள்ளைக்காரர் போனை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டினார். பிஜேசிபி எண்டு பியர் நடுவர்மாருக்குச் சோதனை வைச்சுத் தரம் குடுக்கிற அமைப்பு ஒண்டு அமெரிக்காவில 1985இல இருந்து இருக்கு. எந்த பியர் எப்பிடி இருக்கவேணும் எண்டு அவங்கள் போட்ட வழிகாட்டியில ட்ரொபிக்கல் ஸ்டவுட் எண்டு ஒரு வகை. அதுக்கு உதாரணமாப் போட்ட நாலைஞ்சு பெயரில ஜமேக்காவின்ர டிராகன் ஸ்டவுட்டோட எங்கட லயன் ஸ்டவுட்டும் நிக்குது. உலகத்தில எவனாவது அந்த வகையில பியர் காய்ச்சிப் போட்டிக்கு அனுப்பினா, பெரியப்பா முட்டை ஊத்திக் குடிச்ச சாமான்தான் நடுவருக்கு அளவுகோல்!

(இது விளம்பரம் இல்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி இந்த நாட்டில மதுவுக்கு விளம்பரம் போடேலாது. குடியால அழிஞ்ச குடும்பங்களை நானும் பார்த்தவன்தான், அந்தக் கதையை இன்னொரு நாள் கதைப்பம்.)

இதை எழுத வைச்சது கனடாவில ஸ்காபரோவில இருக்கிற என்ர மச்சான். கராஜுக்குள்ள பியர் காய்ச்சிறது அவனுக்குப் பைத்தியம். போன கிழமை கோல் எடுத்து, இனிப் போட்டிக்கு அனுப்பிறதை விடப்போறன் எண்டான். "எவன் மச்சான் இப்ப பதக்கம் பார்த்து பியர் வாங்குறான்? எல்லாரும் போனில நட்சத்திரம்தான் பார்க்கிறாங்கள்" எண்டது அவன்ர கதை.

வாங்கிறவன் பதக்கம் பார்க்கிறேல்ல எண்டது உண்மை. ஆனா மச்சான் வாங்கிறவன் இல்லையே, காய்ச்சிறவன். அவனுக்குப் போட்டி என்ன செய்தது எண்டதை அவனே மறந்துபோனான், நான் மறக்கேல்லை.

நாலு வருசத்துக்கு முன்னம், முதல் தரமா போர்ட்டர் எண்ட கறுத்த பியர் ஒண்டு காய்ச்சினவன். கூட்டாளிமார் எல்லாரும் குடிச்சிட்டு "டொஃபி மாதிரி இருக்கடா, கடை போடு" எண்டவங்கள். ஓசியில குடிக்கிறவன் குறை சொல்லுவானா? அந்தப் புளுகத்தில ஒரு போட்டிக்கு அனுப்பினான். திரும்பி வந்தது 50க்கு 27. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில இருக்கிற கனத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10 எண்டு பிரிச்சுப் போடுற தாள் அது. அந்தத் தாளை எனக்கு வட்ஸ்அப்பில அனுப்பி நடுவரைத் திட்டாத திட்டில்லை. சுவைக்கு நேரே பேனையால கிறுக்கி இருந்ததைப் பெருப்பிச்சு வாசிச்சன். பட்டர் மணம் அடிக்குது, நொதிச்சு முடியமுதல் குளிராக்கிப்போட்டாய், கடைசி மூண்டு நாள் கொஞ்சம் சூட்டில விடு எண்டிருந்தது. டொஃபி எண்டு கூட்டாளிமார் கொண்டாடினது நொதி தன்ர வேலையை முடிக்காமல் விட்ட மிச்சம். அடுத்த முறை மூண்டு நாள் விட்டுப் பார்த்தான். 35.

யார் காய்ச்சினது எண்டு தெரியாமல், பெயரில்லாத கிளாசை மணந்து பார்த்து, காசும் உறவும் நடுவில இல்லாமல் ஒரு அந்நியன் எழுதிற அந்த ரெண்டு வரிக்காகத்தான் போட்டி வேணும் எண்டுறன். போனில நட்சத்திரம் போடுறவன் "சுப்பர்" எண்டு எழுதுவான், இல்லாட்டி "சரியில்லை" எண்டு எழுதுவான். ஏன் எண்டு எழுதமாட்டான். போனில பியருக்கு நட்சத்திரம் போடுற அன்டாப்ட் 2010இல வந்தது. அதுக்கும் பத்து வருசம் முதலே வந்த ரேட்பியர் தளம் 2025இல மூடப்பட்டுது. ரெண்டிலயும் கறுத்த, கனத்த, வெறி கூடின சாமானுக்குத்தான் நட்சத்திரம் கொட்டினது. நல்ல லேசான லாகர் ஒண்டைப் பிழையில்லாமல் காய்ச்சிறது எவ்வளவு கஷ்டம் எண்டு காய்ச்சிறவனைக் கேட்டுப் பாருங்கோ. அதுக்கு இந்த நட்சத்திரக் கணக்கில மரியாதை கிடையாது.

அதுக்காகப் போட்டி எல்லாம் சுத்தம் எண்டு நான் சொல்ல வரேல்லை. பெல்ஜியத்தில மொண்டே செலக்சன் எண்டு, சாப்பாடு குடிபானங்களுக்குப் பதக்கம் குடுக்கிற ஒண்டு 1961இல இருந்து நடக்குது. காசு கட்டி அனுப்பவேணும். அங்க ஒருத்தரோட ஒருத்தர் மோதிறதே இல்லை, குறிச்ச புள்ளியை எடுத்தா எல்லாருக்கும் தங்கம். பள்ளிக்கூடத்தில ஓட்டப்போட்டி வைச்சு, கோட்டைத் தாண்டின அத்தனை பிள்ளைக்கும் முதல் பரிசு குடுத்த மாதிரி. தரம் பார்க்கிறாங்கள் எண்டு சொல்லுங்கோ, ஏற்கலாம். ஆனா கடையில போத்தலில ஒட்டின அந்தத் தங்க வட்டத்தைப் பார்க்கிற சனம் ஏதோ உலகத்தையே வெண்ட சாமான் எண்டுதான் நினைக்கும். அமெரிக்காவின்ர பாப்ஸ்ட் புளூ ரிபன் பியர் 1893 சிக்காகோ கண்காட்சியில வெண்டதாச் சொல்லித்தான் பெயர் எடுத்தது. அந்தக் கண்காட்சியில உண்மையில யார் முதலாவது எண்டதிலயே சண்டை!

பெரிய போட்டிகளின்ர கதை வேற. 1996இல தொடங்கின வேர்ல்ட் பியர் கப்புக்கு 2022இல 57 நாட்டில இருந்து 10,542 பியர் வந்தது. ஒரு வகைக்கு ஒரு தங்கம், ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம். தகுதியில்லாட்டி அதுவும் இல்லை. கண்டிப்பானதுதான். ஆனா ஒவ்வொரு பியருக்கும் கட்டணம் இருக்கு. பத்து அனுப்ப வசதியுள்ளவனுக்குப் பத்துத் தரம் சீட்டு விழும், சின்னதாக் காய்ச்சி விக்கிறவனுக்கு ஒண்டு. அதோட வகை எண்டுறதே ஒரு வேலி. ஐபிஏ எண்ட கசப்புக் கூடின பியர் தெளிவா இருக்கவேணும் எண்டு இருந்த காலத்தில கலங்கின ஐபிஏக்குப் போட்டியில போய் நிக்க ஒரு இடம் இல்லை. சனம் அதைத்தான் வரிசையில நிண்டு வாங்கினது. 2018இல கிரேட் அமெரிக்கன் பியர் பெஸ்டிவல் அதுக்கெண்டு ஒரு வகையைத் திறந்துவிட, அந்த முதல் வருசமே 391 பியர் வந்து விழுந்தது. நடுவர்மார் சனத்துக்குப் பின்னால ஓடினதுக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னொண்டு. பதக்கம் கிடைச்சது நடுவரின்ர மேசைக்குப் போன பியருக்கு. உங்கட கைக்கு வந்த போத்தலுக்கு இல்லை.

மச்சான் ஒரு யூலையில வரேக்க, கனடாவில தங்கம் வெண்ட ஐபிஏ நாலு ரின் சாறத்தில சுத்திக் கொண்டந்தான். கட்டுநாயக்கா விமான நிலையத்தில இருந்து வானின்ர பின்பக்கம் ஏழு மணித்தியாலம். வீட்டை வந்தா ஆடி அமாவாசை வருது, மாமாவுக்கு விரதம், முடியும்வரைக்கும் தொடக்கூடாது எண்டு மாமி சொல்லிப்போட்டா. பிரிஜ்ஜில பாலும் மரக்கறியும். ரின் நாலும் குசினி அலுமாரிக்குள்ள, அடுப்புக்குப் பக்கத்தில. விரதம் முடிஞ்சு டச்சுக்குடாக் கடற்கரையில இருந்து உடைச்சம். மாம்பழ வாசம் வரும் எண்டு கதை கதையாச் சொன்னவன் மணந்து பார்த்திட்டு ஒண்டும் பேசேல்லை. எனக்கு மழையில நனைஞ்ச காட்போட் பெட்டி ஞாபகம்தான் வந்தது. சூடும் ஒட்சிசனும் சேர்ந்தா அந்த மணம்தான் வருமாம். ரின்னில தங்க வட்டம் மட்டும் பளபளத்துக்கொண்டு இருந்தது.

கொழும்பில இருந்து இங்க 260 கிலோமீற்றர் போல லொறியில வாற சாமானுக்கும் இதே விதிதான். பச்சைப் போத்தலை வெயில் படக் கண்ணாடிக்குள்ள அடுக்கி வைச்சிருந்தா இன்னும் மோசம். பியருக்குக் கசப்புக் குடுக்கிற ஹொப்ஸ் பூவில இருக்கிற சாமான் வெளிச்சம் பட்டு உடைஞ்சு நாறும். மண்ணிறப் போத்தல் தாங்கும், பச்சை தாங்காது.

லயன் ஸ்டவுட்டுக்குத் திரும்புவம். அதை வெளியில பேசவைச்சதில பெரிய பங்கு ஒரு தனி மனுசனுக்கு: மைக்கல் ஜாக்சன். பாட்டுக்காரர் இல்லை, 2007இல காலமான இங்கிலாந்து பியர் எழுத்தாளர். இலங்கைக்கு வந்து தேடிக் குடிச்சு எழுதினவர். பதக்கம் செய்யாத வேலையை ஒரு நல்ல நாக்கும் பேனையும் செய்யும் எண்டதுக்கு நான் இதைத்தான் சொல்லுவன்.

அப்பிடி நாக்குகள் எங்கட கள்ளுத் தவறணையிலயும் இருந்தது. பனையோலைப் பிளாவில வாங்கி ஒரு மிடறு வைச்சிட்டு, இது தனிப்பனைக் கள்ளு, இது கலந்தது எண்டு சொல்லுற பெரிசுகளை நான் சின்னனில பார்த்திருக்கிறன். கண்ணைக் கட்டிச் சோதனை வைக்கேல்லை, தாளில புள்ளி போடேல்லை. ஆனா தண்ணி கலந்தவனுக்கு அடுத்த நாள் யாவாரம் இல்லை. அவையளோட அந்தக் கணக்கும் போயிட்டுது. எழுதி வைக்கப்படாத தரத்துக்கு அதுதான் கெதி. அதனாலதான் அந்த 50 புள்ளித் தாளில எனக்குக் கொஞ்சம் பொறாமை.

சம்பூர்ப் பக்கம் மரம் சீவுற ஒருத்தரிட்ட ஒருக்காப் பகிடியாக் கேட்டன், உங்கட கள்ளை வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்புவமோ எண்டு. முட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "தம்பி, காலமை இறக்கினது ஒரு கள்ளு, பத்து மணிக்கு அது வேற கள்ளு, பின்னேரம் புளிச்ச தண்ணி. எதை அனுப்பப்போறீர்?"

மச்சானிட்ட நேற்று இரவு இதெல்லாம் சொன்னன். அரை மனதோட ஓம் எண்டிருக்கிறான். இந்த முறை எங்கட ஸ்டவுட் மாதிரி ஒண்டைப் பனங்கட்டி போட்டுக் காய்ச்சப்போறானாம். எந்த வகையில பதியிறது எண்டு இப்பவே மண்டையை உடைக்கிறான். பனங்கட்டி போட்டா ட்ரொபிக்கல் ஸ்டவுட் எண்டு விடுவாங்களோ, இல்லை வேற பிரிவுக்குத் தள்ளுவாங்களோ எண்டு.

யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கம் இருந்து அடுத்த கிழமை திருகோணமலைக்கு வாற ஆக்கள் யாரும் இருந்தா உள்பெட்டியில சொல்லுங்கோ. பனையோலைக் குட்டானில கட்டின நல்ல பனங்கட்டி ரெண்டு கிலோ வேணும். சீனி கலந்தது வேண்டாம், அவன் கண்டுபிடிச்சிடுவான்.