ஒரே கல்யாணம், மூன்று பத்திரிகை

ஆடி மாதம். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக் கடை வைத்திருப்பவனுக்கு ஆடி எப்படிப் போகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆவணியில் முகூர்த்தம் குறித்தவர்கள்கூட, பதினெட்டாம் பெருக்கு கழியட்டும் என்று கடைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆகவே பதிவு நீளம். பொறுமையுள்ளவர்கள் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் என் கைப்பேசியை வாங்கினாள். இடம் நிறைந்துவிட்டது, குப்பையை அழித்துத் தருகிறேன் என்றாள். அழித்தாளோ இல்லையோ, அரைமணி நேரம் ஒவ்வொரு செயலியாகத் திறந்து பார்த்துவிட்டு, “அப்பா, நீங்கள் மொத்தம் எத்தனை பேர்?” என்று கேட்டாள்.

சாட்சியங்களையும் அவளே அடுக்கினாள். முகநூலில் நான் கடன் வாங்கி ஆடம்பரக் கல்யாணம் செய்பவர்களைத் திட்டி எழுதியிருக்கிறேன். அதே நாள் மாலை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வெல்வெட் பெட்டிக்குள் வைத்த பத்திரிகையின் படம், ஒன்று நானூற்றைம்பது ரூபாய், ‘முன்பதிவுக்கு அணுகவும்’. சீரகத் தண்ணீர் குடித்தால் சர்க்கரை நோய் ஓடிவிடும் என்பதை முகநூலில் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். அதே சீரகத் தண்ணீரை என் அக்கா குடும்பக் குழுவில் அனுப்பியபோது ‘நல்ல தகவல் அக்கா’ என்று கைகூப்பியிருக்கிறேன். எக்ஸ் தளத்தில் முன்பின் தெரியாத ஒருவருடன் மழை அளவைப் பற்றி மல்லுக்கு நிற்கிறேன். இன்ஸ்டாகிராமிலோ வாயே திறப்பதில்லை.

“இரட்டை வேடம் என்கிறாயா?” என்றேன்.

“இரட்டையா? ஐந்து இருக்கிறது” என்றாள்.

அந்த இடத்தில் பதில் வரவில்லை. மறுநாள் சைதாப்பேட்டையில் ரயில் ஏறி, கோடம்பாக்கம் தாண்டும்போது வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முப்பது வருடமாக நான் அச்சடித்துக்கொடுப்பது என்ன? பெண் வீட்டார் ஒரு பத்திரிகை அடிக்கிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் ஒன்று அடிக்கிறார்கள். அதே மண்டபம், அதே முகூர்த்தம், அதே ஜோடி. ஒன்றில் இவர்கள் வீட்டுத் தாத்தா பாட்டி பெயர் மேலே, மற்றதில் அவர்கள் வீட்டுத் தாத்தா பாட்டி. மூன்றாவதாக அலுவலக நண்பர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு நூறு. அதில் தாய்மாமன் பெயர் இருக்காது, ‘அன்பளிப்புகளைத் தவிர்க்கவும்’ என்ற வரி இருக்கும். உறவுக்காரர்களுக்குப் போகும் பத்திரிகையில் அந்த வரியைத் தவறிச் சேர்த்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஐந்நூறு கார்டையும் சொந்தச் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். எழுதிய மொய் திரும்பி வர வேண்டிய நாளில் யாராவது அப்படிப் போடுவார்களா?

மூன்று பத்திரிகை அடித்தார்கள் என்பதற்காக அந்தக் குடும்பத்தை ஏமாற்றுக்காரர்கள் என்று யாரும் சொன்னதில்லை. யாரிடம் எதைச் சொல்ல வேண்டும், யார் பெயரை எங்கே போட வேண்டும் என்று தெரிந்தவர்கள் என்றுதான் சொல்வார்கள். தளத்துக்குத் தளம் நான் வேறு ஆளாக இருப்பதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

வெல்வெட் பெட்டி விஷயத்தில் மட்டும் மகள் சொன்னது சுட்டது, ஒப்புக்கொள்கிறேன். அது பத்திரிகைக் கணக்கில் சேராது, வயிற்றுக் கணக்கு. அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

வாட்ஸ்அப் எனக்குக் கடை. முன்பெல்லாம் ப்ரூஃப் பார்க்க வாடிக்கையாளர் குடும்பத்தோடு நேரில் வருவார். பிழையைப் பேனாவால் சுழித்து, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். இப்போது படம் அனுப்புகிறேன், கட்டைவிரல் வருகிறது. அந்தக் கட்டைவிரலை நம்பி அச்சுக்கு ஏற்றினால், கார்டு வந்த பிறகு ‘சம்பந்தி பெயரில் முதலெழுத்து தப்பு’ என்பார்கள். அதனால் இப்போது கட்டைவிரலை ஏற்பதில்லை. ‘எல்லாப் பெயர்களையும் சரிபார்த்துவிட்டேன், அச்சிடலாம்’ என்று முழு வாக்கியமாக எழுதி வாங்குகிறேன். கடுப்பாகத்தான் எழுதுகிறார்கள், ஆனால் எழுதுகிறார்கள்.

செய்தியைப் படித்துவிட்டோம் என்று காட்டிக்கொடுக்கும் நீல நிற டிக் 2014 நவம்பரில் வந்தது. வந்த சில வாரங்களிலேயே நான் அதை அணைத்துவிட்டேன். ‘பார்த்துவிட்டீர்கள், ஏன் பதில் இல்லை’ என்று இரவு பதினொரு மணிக்கு ஃபோன் வந்தால் வேறு என்ன செய்வது? ஆனால் குழுக்களில் இந்த வித்தை பலிக்காது. நீங்கள் அணைத்துவைத்திருந்தாலும், செய்தியை அனுப்பியவர் அதை அழுத்திப் பிடித்து, யார் யார் படித்தார்கள் என்று பட்டியல் பார்க்கலாம். எங்கள் குடும்பக் குழுவில் என் மைத்துனர் ஒருவர் இந்தப் பட்டியலை வருகைப் பதிவேடு மாதிரி வைத்துக்கொண்டு, விசேஷ வீடுகளில் ஆளைப் பிடித்துக் கேட்பார். ‘நல்ல தகவல் அக்கா’ எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

2018இல் வதந்திகளால் ஊருக்கு ஊர் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட பிறகு, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாமல் செய்தார்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் பெண்ணைப் பெற்றவர்களுக்கு அது என்ன வேலை வைத்தது என்று எனக்குத்தான் தெரியும். இருநூறு கார்டு அடித்துவிட்டு, மீதி அறுநூறு பேருக்குப் படமாக அனுப்பிவிடலாம் என்று வருகிறவர்கள், ஐந்தைந்தாக அனுப்பி விரல் மரத்துப்போய்த் திரும்ப வருகிறார்கள். ஒளிபரப்புப் பட்டியல் போட்டு ஒரே தடவையில் 256 பேருக்கு அனுப்பலாமே என்று நான்தான் சொல்லிக்கொடுப்பேன். அதிலும் ஒரு முடிச்சு உண்டு. உங்கள் எண்ணைத் தன் கைப்பேசியில் சேமித்துவைத்திருப்பவருக்குத்தான் அது போய்ச்சேரும். நம் எண்ணைச் சேமித்துவைக்காத சொந்தக்காரர்கள் இத்தனை பேரா என்று அப்போதுதான் பலருக்குத் தெரிகிறது.

வாட்ஸ்அப்பில் நான் பட்ட ஒரு அடியையும் சொல்லிவிடுகிறேன். போன வைகாசியில் ஒரு வாடிக்கையாளர், பாதிப் பணம் பாக்கி. பைண்டிங் தம்பிக்கு ‘அவர் கணக்கை முடிக்காமல் கார்டைக் கையில் கொடுக்காதே, ஆள் ஒரு மாதிரி’ என்று அடித்து அனுப்பினேன். அனுப்பியது அந்த வாடிக்கையாளருக்கே. மேலே அவர் பெயரைப் பார்த்ததும் உள்ளங்கை வியர்த்துவிட்டது. செய்தியை அழுத்திப் பிடித்தேன். ‘அனைவருக்கும் நீக்கு’, ‘எனக்கு மட்டும் நீக்கு’ என்று இரண்டு வரி வந்தது. நடுங்கிய விரல் இரண்டாவதில் பட்டது. என் கண்ணிலிருந்து செய்தி மறைந்துவிட்டது. அவர் கண்ணுக்கு முன்னால் கல்வெட்டு மாதிரி நிற்கிறது. இனி அதை அழிக்க என்னால் முடியாது. உடனே கீழே ‘செயல்நீக்கு’ என்று ஒன்று சில விநாடிகள் வந்துபோகும், அதை அழுத்தினால் செய்தி திரும்ப வரும் என்று மகள் பிறகு சொன்னாள். அந்தச் சில விநாடிகளும் நான் ‘முருகா’ என்பதில் போய்விட்டன. பத்து நிமிடத்தில் முழுப் பணமும் கணக்கில் ஏறியது. ஆள் வரவில்லை, வேறு யாரையோ அனுப்பி கார்டை எடுத்துக்கொண்டார். அவருடைய இரண்டாவது பெண்ணுக்குப் பத்திரிகை எங்கே அடித்தார் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். எதிர்க் கடை.

எக்ஸை நான் இன்னும் ட்விட்டர் என்றுதான் சொல்கிறேன். 2023 ஜூலையில் பெயரை மாற்றினார்கள். நாங்கள் அண்ணா சாலையை மவுண்ட் ரோடு என்றே சொல்லிக்கொண்டிருக்கும் ஊர். அங்கே நான் போவது மழைக்கு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை காலையில் நாளிதழைப் பிரிப்பதற்கு முன்பு ‘தமிழ்நாடு வெதர்மேன்’ என்ற பெயரில் வானிலை சொல்லும் பிரதீப் ஜான் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்ப்பேன். இந்தப் பழக்கம் 2015இல் வந்தது.

அந்த டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிட்ட தண்ணீரும் பெய்த மழையும் சேர்ந்து அடையாற்றில் வந்தபோது, சைதாப்பேட்டையில் எங்கள் தெருவில் கீழ்த்தளம் முழுவதும் போய்விட்டது. நாங்கள் மாடியில். மின்சாரம் இல்லை. பேச்சு இணைப்பு கிடைக்கவில்லை, ஆனால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றால் எப்போதாவது இணையம் எட்டிப்பார்க்கும். அப்போது ட்விட்டரில் 140 எழுத்துக்குத்தான் இடம். பெயர், தெரு, எத்தனை பேர், வயதானவர் உண்டா, ஃபோன் எண். அதற்கு மேல் ஒரு சொல் எழுத முடியாது, தேவையும் இல்லை. 1878இல் தொடங்கிய தி இந்து நாளிதழ் டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை. ஊழியர்களால் நகருக்கு வெளியே இருக்கும் அச்சகத்துக்குப் போய்ச்சேர முடியவில்லை. அச்சுத் தொழிலில் பிழைப்பவனுக்கு அந்தச் செய்தி வெள்ளத்தைவிடப் பயத்தைக் கொடுத்தது. அதையும் ட்விட்டரில்தான் படித்தேன்.

மூன்றாம் நாள் கொஞ்சம் சார்ஜ் கிடைத்ததும், கோட்டூர்புரத்தில் ஒரு பாட்டி மாட்டிக்கொண்டிருப்பதாக வந்த ஒரு வேண்டுகோளை நான்கைந்து பேருக்குப் பரப்பிவிட்டு, மனது கேட்காமல் அந்த எண்ணுக்கே கூப்பிட்டேன். அந்தப் பக்கம் ஒரு பெண், களைத்த குரலில், “நேற்றுக் காலையிலேயே படகில் வந்துவிட்டோம் ஐயா. நீங்கள் அறுபதாவது ஆள், தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள்” என்றார். நிறுத்தச் சொல்ல யாரிடம் போவது? அன்றிலிருந்து எந்த வேண்டுகோளையும் கூப்பிட்டு உறுதி செய்யாமல் பகிர்வதில்லை, பகிர்ந்தால் கீழே தேதியும் நேரமும் போடுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அப்படித்தான் செய்தேன். சாதாரண நாட்களில் அந்தத் தளம் எனக்குப் பிடிப்பதில்லை. ஒருவர் வாயைத் திறந்தால் பத்துப் பேர் சட்டையைப் பிடிக்கிறார்கள். மழை நின்றதும் வெளியே வந்துவிட வேண்டும்.

யூடியூப், மெஷின் பழுது பார்க்க. டெலிகிராம், எழுத்துரு வாங்க. லிங்க்டின்னில் யாரோ என்னைச் சேர்த்துவிட்டார்கள், வருடத்துக்கு ஒருமுறை யாரையாவது வாழ்த்துகிறேன், எதற்கென்று தெரியாது.

இன்ஸ்டாகிராம்தான் சிக்கல். கடைக்காக மகள் ஒரு பக்கம் தொடங்கிக் கொடுத்தாள். டிக்டாக்கைத் தடை செய்த அடுத்த மாதமே, 2020 ஜூலையில், ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்துவிட்டது அல்லவா? அட்டையில் தங்க ஃபாயில் ஒட்டும் வேலையை எடுத்துப் போடுகிறோம். சூடான அச்சு இறங்கி, மேலெழும்போது பிள்ளையார் மின்னுவார். என் முகம் வராது, கை மட்டும் வரும். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள், ஆர்டர் மூன்று. பரவாயில்லை, கைக்காவது பெயர் கிடைத்தது.

என் அக்கா மகளும் அங்கே இருக்கிறாள். என்னைச் சேர்த்துக்கொண்டபோது, “மாமா, இங்கே பார்ப்பது இங்கேயே இருக்கட்டும்” என்று ஒரே வரி எழுதினாள். சரி என்றேன். ஐந்தாறு மாதத்துக்கு முன்பு கோவளம் கடற்கரையில் நண்பர்களோடு எடுத்த படம் போட்டாள். பையன்களும் இருந்தார்கள். அன்று அவள் வேளச்சேரியில் தோழி வீட்டில் படித்துக்கொண்டிருப்பதாகக் குடும்பக் குழுவில் தகவல். நான் பார்த்தேன், சிரித்தேன், கடந்துவிட்டேன். இருபத்திரண்டு வயதுப் பெண் கடலுக்குப் போனதில் என்ன தப்பு?

எப்போதோ அவள் தன் இன்ஸ்டாகிராம் கணக்கை முகநூல் கணக்கோடு இணைத்துவைத்திருக்கிறாள், மறந்தும்விட்டாள். படம் தானாக அங்கேயும் ஏறியது. அக்கா முகநூலில் இருக்கிறாள். அடுத்து நடந்தது உங்களுக்கே தெரியும், உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். இரண்டு நாள் அந்த வீட்டில் சாப்பாடு இல்லை. மூன்றாம் நாள் அக்கா என்னைக் கூப்பிட்டு, “நீயும் அந்த இன்ஸ்டாகிராமில்தானே இருக்கிறாய், உன் கண்ணில் படவில்லையா?” என்றாள். “எனக்கு அங்கே கடை மட்டும்தான் அக்கா” என்றேன்.

அது பொய். ஆனால் மகள் அடுக்கிய ஐந்து வேடங்களைவிட அந்த ஒரு பொய்யைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். அந்தப் பெண் இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி இருந்ததால் அந்த வீட்டில் சண்டை வரவில்லை. நடுவில் இருந்த சுவர் அவளுக்கே தெரியாமல் விழுந்ததால் வந்தது. நண்பர்களுக்கு அடித்த பத்திரிகை தபாலில் மாறி, பெரியப்பா வீட்டுக்குப் போன கதைதான். முகநூல் 2012இல் இன்ஸ்டாகிராமை வாங்கியது, 2014இல் வாட்ஸ்அப்பை வாங்கியது. என் கடை, என் திண்ணையான இந்த முகநூல், என் குடும்பக் குழு மூன்றுக்கும் இன்று ஒரே முதலாளி. சுவரைக் கவனமாக எழுப்ப வேண்டியது நாம்தான் என்று அன்றே உட்கார்ந்து எல்லா இணைப்புகளையும் துண்டித்தேன். மகளுடையதையும் துண்டிக்கச் சொன்னேன். அவள் முகநூலிலேயே இல்லையாம். “அது உங்கள் வயதுக்காரர்களுக்கு அப்பா” என்றாள்.

ஆமாம், வயதுக்காரர்களுக்குத்தான். இங்கே நான் வாடிக்கையாளர் யாரையும் சேர்ப்பதில்லை. உங்களில் பாதிப் பேரை நேரில் பார்த்ததில்லை. என் கடை எண்ணோ என் பெண்ணின் பெயரோ உங்களுக்குத் தெரியாது. ஆனால் என் கோபம், என் அரசியல், 2015இல் நான் பயந்தது எல்லாம் தெரியும். என் மைத்துனருக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. பேரப்பிள்ளை படம் போட்டால் முந்நூறு விருப்பமும், இப்படி எழுதினால் பதினான்கும் விழும் என்று எனக்கும் தெரியும். அந்தப் பதினான்கு பேருக்காகத்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவும் எழுதி, பதிவிடும் பொத்தானுக்கு மேல் விரலை வைத்த பிறகுதான் உறைக்கிறது: அக்கா முகநூலில் இருக்கிறாள் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். ‘பொது’ என்று இருந்ததை மாற்றிவிட்டேன். நண்பர்கள், ஒருவரைத் தவிர. இரண்டு முறை சரிபார்த்தாயிற்று. தயவுசெய்து யாரும் பகிர வேண்டாம்.