தேக்கா கடைக்காரருக்குக் கரிம வரி பில் வராது

"2026 முதல் ஒவ்வொரு கடையும் ஒரு டன் புகைக்கு 45 வெள்ளி கட்டணும், சாப்பாட்டுக் கடை எல்லாம் காலி" என்று சிங்கப்பூரில் ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. 45 வெள்ளி சரி. 2026, 2027க்கான விகிதம் அதுதான். மற்றதெல்லாம் புரளி.

ஆண்டுக்கு 25,000 டன் அல்லது அதற்கு மேல் பசுமை இல்ல வாயுவை நேரடியாக வெளியேற்றும் ஆலைகள்தான் கரிம வரி கட்டுகின்றன: எண்ணெய் சுத்திகரிப்பு, மின்நிலையம், ரசாயனம் என்று ஏறக்குறைய 50 இடங்கள். தோசைக்கல்லை வைத்து அந்த அளவை எட்ட ஏழு பிறவி போதாது!

மின்நிலையம் கட்டும் வரி கடையின் மின்கட்டணத்தில் கொஞ்சம் எதிரொலிக்கும், அது உண்மை.

ஒரு டன்னுக்கு வரி 2019இல் 5 வெள்ளி, 2024இல் 25, 2030க்குள் 50 முதல் 80. வரப்போகும் உயர்வை அரசாங்கம் பல ஆண்டுக்கு முன்பே சொல்லிவிட்டதுதான் என் பார்வையில் பெரிய விஷயம். பழைய கொதிகலனை மாற்றலாமா என்று யோசிக்கும் ஆலை, வரப்போகும் விலையை வைத்தே கணக்குப் போடலாம். சிறு உணவுக் கடைகளுக்கு வந்தது வரி அல்ல, மின்சாரம் குறைவாக இழுக்கும் குளிர்பெட்டி போன்றவை வாங்க 2022இல் அறிவித்த மானியம்.