மயிலுக்கு விட்ட அம்பு

இயேசுவின் பன்னிரு சீடர்கள் எப்படி இறந்தார்கள் என்று நேற்று எங்கள் அன்பியக் குழுவில் (பங்கு மக்களின் சிறு குழு) ஓர் அட்டவணை வந்தது. அதற்குக் கீழே நான் போட்ட நாலு வரியும் அதற்குக் கிடைத்த அர்ச்சனையும் எல்லோரும் பார்த்ததுதான். அந்திரேயாவுக்கு எக்ஸ் சிலுவை, பர்த்தலமேயுவுக்குத் தோலுரிப்பு, தோமாவுக்கு ஈட்டி. அடியில் 'அத்தனையும் வரலாறு'.

நான் சொன்னது இவ்வளவுதான்: பன்னிருவரில் யாக்கோபின் கொலையை மட்டும்தான் புதிய ஏற்பாடு நேரடியாகச் சொல்கிறது. ஏரோது வாளால் கொன்றான், திருத்தூதர் பணிகள் 12. மற்றவை பிற்கால மரபுகள். மரபு என்றேன். பொய் என்று எங்கே சொன்னேன்?

"அப்போ பேதுரு?" பேதுரு மறைசாட்சியாக, அதாவது விசுவாசத்துக்காக, இறந்ததை நானும் நம்புகிறேன், யோவான் 21லேயே குறிப்பு உண்டு. தலைகீழாகத் தொங்கிய விவரம் வருவது 2ஆம் நூற்றாண்டுக் கடைசியில் எழுதிய 'பேதுரு பணிகள்' நூலில். அதில் நாய் பேசுகிறது, கருவாடு உயிர்பெற்று நீந்துகிறது. அதையும் அட்டவணையில் சேர்த்துவிடலாமே!

"பொய்க்காக யாராவது சாவார்களா?" என்பவர்களுக்கு: நான்தான் பொய் என்றே சொல்லவில்லையே ஐயா.

சென்னையில் உயிர்விட்டதாக நம் மரபு சொல்லும் தோமாவை, நம்ம தோமையாரைத் தொட்டதுதான் பலருக்குச் சுட்டிருக்கிறது. 3ஆம் நூற்றாண்டில் சிரியாக்கில் எழுதிய 'தோமா பணிகள்' நூலில் மஸ்தாய் மன்னனின் வீரர்கள் நால்வர் ஈட்டியால் குத்துகிறார்கள். மயிலாப்பூர் என்ற பேச்சே இல்லை. அதற்கும் முந்திய எழுத்தாளர் ஹெராக்ளியோன், தோமா அப்படி மறைசாட்சியாகச் சாகவில்லை என்கிறார். அவர் நாஸ்டிக் (திருச்சபை ஏற்காத பழைய பிரிவு), தள்ளு என்பீர்கள். சரி, தள்ளிவிட்டேன். மார்க்கோ போலோ? 13ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்தவர், மயிலுக்கு ஒருவன் விட்ட அம்பு தவறி, ஜெபித்துக்கொண்டிருந்த தோமையார் மேல் பட்டது என்று எழுதிவைத்திருக்கிறார்.

இதை முதலில் படித்துக் காட்டியது என் பாட்டிக்கு. சின்ன வயதில் என்னை, தோமையார் கொல்லப்பட்டதாகச் சொல்லும் பரங்கிமலைப் படிகளில் இழுத்துக்கொண்டு ஏறி, ஈட்டிக் கதையை அழுதுகொண்டே சொன்னவர். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அம்போ ஈட்டியோ, மனுஷனுக்கு வலிச்சிருக்குமே" என்றார். பாட்டி ஐந்தாவதுகூடத் தாண்டாதவர். அன்பியக் குழுவில் இருப்பவர்கள் எல்லாம் பட்டதாரிகள்.

'அரைகுறைப் படிப்பு', 'யாரிடம் காசு வாங்கினாய்' வரைக்கும் பொறுத்துக்கொண்டேன். குழுவிலிருந்து என்னை நீக்கியவர் என் ஞானத்தந்தை. திருமுழுக்கின்போது என்னைக் கையில் ஏந்தியிருந்தவர். ஒரு போன் பண்ணியிருக்கலாம்.

ஜூலை 3 தோமையார் திருவிழாவுக்கு வழக்கம்போல மலையேறுவேன். அங்கே என்னைப் பார்த்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வாரா என்பதுதான் காலையிலிருந்து மண்டைக்குள் ஓடுகிறது.