சரி, உங்க நிஜமான டீம் எது?

இந்தக் கேள்வியை இனி யார் கேட்டாலும் பதில் சொல்லாமல் எழுந்து போய்விடலாம் என்று இருக்கிறேன். கல்யாணப் பந்தியில், அலுவலகத்தில், பிள்ளையைக் கூப்பிடப் போகும் பள்ளி வாசலில் என்று எங்கே போனாலும் இதே கதை. "ஃபுட்பால் பார்ப்பீங்களா? எந்த டீம்?" என்று ஆரம்பிப்பார்கள். நான் என் கிளப்பின் பெயரைச் சொல்வேன். இங்கிலாந்தில் நாலாவது அடுக்கில் ஆடுகிற கிளப்; சின்ன வயதிலிருந்து என் சனிக்கிழமைகளை எல்லாம் எடுத்துக்கொண்ட கிளப். எதிரில் இருப்பவர் உதட்டில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்க்கும். அப்புறம் வரும் பாருங்கள்: "அது சரி, உங்க நிஜமான டீம் எது? லிவர்பூலா, ஆர்சனலா, மான்செஸ்டரா?"

நிஜமான டீமாம்! அப்படியென்றால் இத்தனை வருஷம் நான் பார்த்தது என்ன? பிப்ரவரி மாதச் சேற்றில் விழுந்து புரண்டு, சட்டையின் நிறமே தெரியாமல் ஆடிய அந்தப் பதினோரு பேர் யார்? பிரிவிலிருந்து கீழே இறக்கப்பட்ட அன்று என் பக்கத்தில் நின்று விம்மிய பெரியவர் எதற்காக அழுதார்?

முதல் அடுக்கான பிரீமியர் லீக் பார்ப்பவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. டிக்கெட் கிடைப்பதில்லை, தூரம் அதிகம், காசும் கொஞ்சநஞ்சமில்லை. தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்தும் ஒரு அணியை உயிராக நேசிக்கலாம். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் நடுராத்திரி கண் விழித்துப் பார்க்கிறவர்களை எனக்குத் தெரியும், அவர்களின் அன்பை நான் அளந்து பார்த்ததில்லை. என் அன்பை மட்டும் ஏன் எல்லோரும் அளக்க வருகிறார்கள்?

என்னை முதலில் மைதானத்துக்குக் கூட்டிப்போனவர் அப்பா. அவருக்குக் கிரிக்கெட்தான் தெரியும். ஊருக்குப் புதிதாக வந்தவர், வேலையிடத்தில் யாரோ கொடுத்த டிக்கெட்டை வீணாக்க மனமில்லாமல் அழைத்துப்போனார். இருக்கை கிடையாது, கான்கிரீட் படிகளில் நின்றுதான் பார்க்க வேண்டும். டெரஸ் என்பார்கள். எங்களைப் போன்ற முகம் வேறு ஒன்றுகூட அங்கே இல்லை. அப்பா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தது நினைவிருக்கிறது. இரும்புத் தடுப்பில் சாய்ந்து நின்றிருந்த ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து, பையன் முன்னால் வந்து நிற்கட்டும் என்று இடம் விட்டார். அவ்வளவுதான். அந்தத் தடுப்பின் அந்த ஓரம் பல வருஷங்களுக்கு என்னுடையதாகவே இருந்தது. ஆஃப்சைடு என்றால் என்ன என்று எனக்கு விளக்கியதும் அவர்தான். அம்மா காதில் விழக்கூடாத சில சொற்களைச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

வெளியூர் ஆட்டத்துக்குப் போக முடியாத சனிக்கிழமைகளில் பி.பி.சி. தொலைக்காட்சியின் எழுத்துச் சேவையான சீஃபாக்ஸ்தான் கதி. தொலைக்காட்சித் திரையில் கறுப்புப் பின்னணியில் எழுத்துகள் மட்டும் தெரியும். பக்கங்கள் தாமாகவே புரளும். நாலாவது பிரிவு கடைசியில்தான் வரும். எங்கள் வரியில் இருந்த பூஜ்யம் ஒன்றாக மாறியிருக்கிறதா என்று பார்ப்பதற்குள் பக்கம் புரண்டுவிடும், மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். "படமே இல்லாத டிவியில என்னடா பார்க்கிற?" என்று அம்மா கேட்பார். சாயங்காலம் முழு முடிவுகளும் அச்சாகிச் சுடச்சுடப் பேப்பர் வரும். சில ஊர்களில் இளஞ்சிவப்புத் தாளில், சில ஊர்களில் பச்சைத் தாளில். அதை வாங்க ஓடுவேன். வெளியூர் போகும்போது வழி கேட்கத் தேவையே இருக்காது. ரயிலை விட்டு இறங்கியதும் வீடுகளுக்கு மேலே நாலு விளக்குக் கோபுரங்கள் தெரியும், அதைப் பார்த்து நடந்தால் போதும். இப்போது பல கிளப்புகள் ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில் தகரக் கொட்டகை போல ஒன்றைக் கட்டிக்கொண்டு போய்விட்டன.

எங்கள் ஆட்டக்காரர்களைக் கடைத்தெருவில் பார்ப்போம். ஒருநாள் பெனால்டியை வானத்துக்கு அடித்த ஸ்ட்ரைக்கர், மறுநாள் பஸ் நிறுத்தத்தில் எங்களோடு நின்றார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பார்த்தாலே தெரிந்தது, அவர் ராத்திரி தூங்கவில்லை என்று. இதெல்லாம் நிஜம் இல்லையா?

கீழ்ப்பிரிவு ரசிகர்கள் யாரைக் கேட்டாலும் 1999 மே 8 பற்றிச் சொல்வார்கள். கார்லைல் யுனைடெட், பிளிமத்தோடு ஒன்றுக்கு ஒன்று. ஜெயிக்காவிட்டால், மேல் நான்கு அடுக்குகள் சேர்ந்த லீக்கை விட்டே வெளியே. தொண்ணூறு நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்த நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, கார்னர். கோல்கீப்பர் ஜிம்மி கிளாஸ் முழு மைதானத்தையும் தாண்டி ஓடி வருகிறார். ஸ்விண்டன் கிளப்பிலிருந்து லோனில், அதாவது இரவலாக வந்தவர், கார்லைலுக்கு அவர் ஆடியது மொத்தமே மூன்று ஆட்டங்கள். தெறித்து வந்த பந்தை அடித்தார், கோல்! கார்லைல் பிழைத்தது. அதே நேரம் ஸ்கார்பரோவில் ஆட்டம் முடிந்து, தப்பித்துவிட்டோம் என்று ரசிகர்கள் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு உதை அவர்களைக் கடைசி இடத்துக்கு இறக்கி வெளியே தள்ளியது. 1987இல் வாக்கெடுப்பு இல்லாமல், ஆடி ஜெயித்தே லீக்குக்கு உயர்ந்த முதல் அணி ஸ்கார்பரோ; 2007இல் கடனில் மூழ்கி இல்லாமலே போய்விட்டது. உடனே ரசிகர்கள் ஸ்கார்பரோ அத்லெட்டிக் என்று புதிய கிளப் தொடங்கினார்கள். ஒரே நிமிடத்தில் இரண்டு ஊர்களின் தலையெழுத்து மாறிய ஆட்டம் இது. நாலாவதாக வரலாமா, ஐந்தாவதாக வரலாமா என்று சாம்பியன்ஸ் லீக் இடத்துக்குக் கணக்குப் போடுகிறவர்களிடம் இதைச் சொன்னால், "அட, அப்படியா" என்று போனைப் பார்க்கிறார்கள்.

பந்தியில் கேட்கப்படும் கேள்வி என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிடலாம். கால்பந்தை நிர்வகிக்கிறவர்களும் இதே கேள்வியைத்தான் வேறு விதமாகக் கேட்கிறார்கள். அங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ. நடத்தும், எல்லா அடுக்குக் கிளப்புகளும் மோதும் எஃப்.ஏ. கோப்பையில் மறுஆட்டம் என்று ஒன்று இருந்தது. ஆட்டம் டிராவில் முடிந்தால், மற்ற அணியின் மைதானத்தில் இன்னொரு முறை மோத வேண்டும். 1972இல் லீக்கிலேயே இல்லாத ஹெரிஃபோர்ட், முதல் பிரிவில் இருந்த நியூகாசிலை வீழ்த்தியது அப்படி ஒரு மறுஆட்டத்தில்தான். சேற்றுக்கு நடுவே தொலைவிலிருந்து ரானி ராட்ஃபோர்ட் அடித்த அந்த கோலை இன்றைக்கும் போட்டுக் காட்டுகிறார்கள். 2005 ஜனவரியில் எக்ஸிட்டர் சிட்டி ஓல்ட் டிராஃபோர்டுக்குப் போனது. அப்போது அது ஐந்தாவது அடுக்கில், கடனில் தத்தளித்து, ரசிகர்கள் சேர்ந்து கையில் எடுத்து நடத்திக்கொண்டிருந்த கிளப். 67,000க்கும் மேற்பட்டவர்கள் பார்க்க, மான்செஸ்டர் யுனைடெட்டை கோலே போடவிடாமல் நிறுத்தி டிரா செய்தார்கள். மறுஆட்டத்துக்கு ரொனால்டோவும் ரூனியும் எக்ஸிட்டரின் சின்ன மைதானத்துக்கு வர வேண்டியதாயிற்று. எக்ஸிட்டர் தோற்றது, ஆனால் அந்த இரண்டு ஆட்டங்களின் வருமானம் கிளப்பைத் தூக்கி நிறுத்தியது. 2008இல் லீக்குக்குத் திரும்பியும் வந்துவிட்டார்கள்.

இன்றைக்கு அது நடக்காது. 2024-25 சீசனிலிருந்து முதல் சுற்றில் தொடங்கி எல்லாச் சுற்றுகளிலும் மறுஆட்டத்தை எடுத்துவிட்டார்கள். பெரிய கிளப்புகளின் ஐரோப்பிய ஆட்டங்கள் கூடிவிட்டன, நாட்காட்டியில் இடம் இல்லையாம். எஃப்.ஏ.வும் பிரீமியர் லீகும் தங்களுக்குள் பேசி முடித்த விஷயம் இது என்று, பிரீமியர் லீக்குக்குக் கீழே உள்ள மூன்று அடுக்குகளை நடத்தும் ஈ.எஃப்.எல். வெளிப்படையாகவே குறைப்பட்டுக்கொண்டது. நூற்றாண்டுக்கு மேல் இருந்த வழக்கத்தை எடுக்கும்போது, அதனால் பிழைக்கிறவர்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? பெரிய கிளப்புகளுக்கு அது கூடுதலாக ஒரு புதன்கிழமை. எங்களுக்கு அது ஒரு வருஷத்துச் சம்பளம்.

பையன்களை எடுத்துக்கொண்டு போவது இன்னொரு கதை. பின்னாளில் இங்கிலாந்துக்கே ஆடிய கெவின் கீகனும் ரே கிளெமென்ஸும் ஸ்கன்தார்ப் என்ற கீழ்ப்பிரிவு கிளப்பில் ஆடித்தான் லிவர்பூலுக்குப் போனார்கள். போகட்டும், அதில் எங்களுக்குப் பெருமைதான். பெரியவர்களோடு ஆடிக் காட்டியபின் போனார்கள், ஊர்க்காரர்களும் கண்ணால் பார்த்தார்கள். 2012இல் வந்த புதிய இளைஞர் பயிற்சித் திட்டத்துக்குப் பிறகு, பதினாறு வயதுகூட ஆகாத பையனையும் முன்கூட்டியே நிர்ணயித்த ஒரு தொகையைக் கொடுத்துக் கூட்டிப்போகலாம் என்றாகிவிட்டது. எங்களிடம் ஒருவன் இருந்தான். இடது காலால் அவன் பந்தைத் தொட்டால் டெரஸே எழுந்து முன்னால் வரும். அவன் எங்கள் முதல் அணிக்கு ஆடி நான் பார்க்கவே இல்லை. ஒரு பெரிய கிளப் எடுத்துப்போனது. லோன் மேல் லோன் என்று அலைந்தான், பிறகு எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை. அவன் எங்கள் மைதானத்தில் ஆடியிருக்க வேண்டிய சனிக்கிழமைகளை யார் திருப்பித் தருவார்கள்?

இது போதாதென்று, 2016இலிருந்து பிரீமியர் லீக் கிளப்புகளின் இளையோர் அணிகளை எங்களுக்கென்று இருந்த ஈ.எஃப்.எல். டிராபிக்குள்ளேயே கொண்டுவந்து விட்டார்கள். பல ஊர்களில் ரசிகர்கள் வர மறுத்தார்கள். காலி இருக்கைகளுக்கு முன்னால் ஆட்டம் நடந்தது. அந்த ஆட்டங்களுக்கு நானும் போகவில்லை. என் வாழ்க்கையில் என் கிளப்பின் ஆட்டத்தை வேண்டுமென்றே தவிர்த்தது அதற்காக மட்டும்தான். அது எவ்வளவு வலித்தது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பெரி (Bury) என்ற ஊரின் கிளப்பைப் பற்றி நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கும். 1885இல் தொடங்கியது. 1900, 1903 என்று இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பை வென்றது, 1903 இறுதி ஆட்டத்தில் டெர்பியை ஆறுக்குப் பூஜ்யம். 2019 வசந்தத்தில் மூன்றாவது அடுக்குக்கு முன்னேறியது. ஆனால் அதற்கு முந்தைய டிசம்பரில் கிளப் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியிருந்தது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் இல்லை. ஆகஸ்ட் 27 அன்று, யாரோ வாங்கிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் ரசிகர்கள் கிக் லேன் மைதானத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள், சனிக்கிழமை ஆட்டத்துக்காக. அன்று ராத்திரியே கிளப் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. துடைப்பத்தோடு நின்றவர்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தபோது எப்படி இருந்திருக்கும்? அதே மாதத் தொடக்கத்தில்தான் பிரீமியர் லீகில் வீரர்களுக்குக் கோடிகளில் விலை பேசியிருந்தார்கள். கிளப்புகளைக் கண்காணிக்கத் தனி அமைப்பு வேண்டும் என்ற சட்டம் 2025இல்தான் வந்தது. ஆறு வருஷம்! நீக்கப்பட்டது ஒரு பெரிய கிளப்பாக இருந்திருந்தால் ஆறு நாளில் அவசரக் கூட்டம் போட்டிருப்பார்கள்.

விம்பிள்டன் கால்பந்து கிளப்பையும் மறக்கக்கூடாது. 2002 மே மாதம் மூன்று பேர் கொண்ட குழு, கிளப்பை மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தது. ரசிகர்கள் புதிய கிளப் தொடங்குவது கால்பந்தின் பொதுநலனுக்கு உகந்ததல்ல என்றும் அந்தக் குழு எழுதியது. ரசிகர்கள் சில வாரங்களில் தொடங்கிக் காட்டினார்கள். பொதுப் புல்வெளியில் தேர்வு வைத்து ஆட்டக்காரர்களைப் பிடித்தார்கள். ஒன்பதாவது அடுக்கிலிருந்து ஆரம்பித்து 2011இல் லீக்குக்கு வந்து, 2020இல் பழைய மைதானம் இருந்த பிளவ் லேனுக்கே திரும்பினார்கள். எது நிஜமான டீம் என்று இவர்களிடம் போய்க் கேளுங்கள் பார்ப்போம்.

"ரெண்டும் வச்சுக்கலாமே, பெரிய டீம் ஒண்ணு, சின்ன டீம் ஒண்ணு" என்று புத்தி சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ரொம்ப நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். எனக்கு முடியாது. சனிக்கிழமை மூன்று மணிக்கு ஒரு இடத்தில்தான் நிற்க முடியும். அந்த மூன்று மணியையும் இப்போது பிடுங்குகிறார்கள். ஒளிபரப்புக்காக ஆட்டத்தைப் பன்னிரண்டரைக்கு மாற்றுகிறார்கள், ஞாயிறு மதியத்துக்குத் தள்ளுகிறார்கள், நாட்டின் மறுகோடிக்கு எந்த ரயிலில் போவது என்று யாரும் யோசிப்பதில்லை. டெரஸில் எனக்கு இடம் விட்ட பெரியவர் இருந்தவரை ஒரு சொந்த மைதான ஆட்டத்தையும் விட்டதில்லை. இன்றைய அட்டவணையில் அவர் பாதி ஆட்டங்களுக்குக் கிளம்பியிருக்கவே முடியாது.

இத்தனை பேர் கேட்டிருக்கிறார்களே, ஒருவராவது "போன சனிக்கிழமை உங்க டீம் என்ன ஆச்சு?" என்று கேட்டதுண்டா? கேளுங்கள், சொல்கிறேன். ஒன்றுக்கு ஒன்று டிரா. கடைசி நிமிடங்களில் எங்கள் விங்கரைப் பெனால்டி பெட்டிக்குள் வைத்து இடறிவிட்டான் அவர்கள் டிஃபெண்டர். கோலுக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரும் பார்த்தோம். நடுவர் கையை ஆட்டி விளையாடச் சொல்லிவிட்டார். எங்கள் பிரிவில் ரீப்ளே பார்த்து முடிவு சொல்ல வி.ஏ.ஆர். கிடையாது. அது பெனால்டி. நூற்றுக்கு நூறு பெனால்டி.