அம்மா போட்ட போடு

போன பூரிம் என்ற யூதப் பண்டிகைக்கு முந்தின வாரம், பக்கத்து வீட்டு யூத அம்மா என்னைத் தன் பெண்கள் சங்கத்துக்கு மாவு தேய்க்க அழைத்துப் போனார். வட்டமாக வெட்டிய மாவில் கசகசாப் பூரணம் வைத்து, மூன்று மூலையாகக் கிள்ளி ஒட்ட வேண்டும். ஹாமன்தாஷன் என்று பெயர். சோமாசி மடித்த கைக்கு அது பெரிய வித்தை இல்லை. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். யாரும் என் ஊர், வேலை, பிள்ளைகள் பற்றி விசாரிக்கவில்லை. "பூரணம் ஜாஸ்தி, வெடிச்சிடும்" என்றார்கள், அவ்வளவுதான். ஆனால் இரண்டு மணி நேரத்தில் யாருக்கு முட்டி வலி, யார் மகன் போன் செய்வதில்லை என்பது வரை எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்தச் சங்கம் ஹடாசா. சயனிச அமைப்பு, அதாவது யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் தாயகம் வேண்டும் என்ற இயக்கத்தைச் சேர்ந்தது; அதன் அரசியலில் எனக்கு ஒப்பாத இடங்கள் உண்டு, அது வேறு பதிவு. அது பிறந்த கதைதான் என்னை விடவில்லை.

ஹென்ரியெட்டா சோல்ட் என்ற பெண்மணி, யூத நூல் பதிப்பகம் ஒன்றில் உழைத்துக்கொண்டிருந்தவர். லூயிஸ் கின்ஸ்பெர்க் என்ற அறிஞரின் நூலை ஜெர்மனிலிருந்து மொழிபெயர்த்துக் கொடுத்தார். தன்னைவிட 13 வயது இளைய அவர்மேல் மனசையும் வைத்துவிட்டார். 1908இல் ஐரோப்பா போன மனிதர் வேறொரு பெண்ணை நிச்சயம் செய்துகொண்டு திரும்பினார். நொறுங்கிப்போன மகளோடு 1909இல் பாலஸ்தீனப் பயணம் போனவர் அம்மா சோஃபி.

அங்கே யாஃபா என்ற ஊரில் ஒரு பையன்கள் பள்ளி. பிள்ளைகளின் கண்ணெல்லாம் புண், புண்ணெல்லாம் ஈ. டிராகோமா என்ற, பார்வையையே பறிக்கக்கூடிய கண் தொற்று. அருகிலிருந்த பெண்கள் பள்ளியில் அப்படி இல்லை. அங்கே தினமும் ஒரு நர்ஸ் வந்து கண்ணுக்கு மருந்து போட்டாள். சோல்ட் நியூயார்க்கில் ஒரு பெண்கள் வாசிப்பு வட்டத்தில் இருந்தார். அம்மா திரும்பிப் பார்த்து, கட்டுரை வாசித்துக்கொண்டிருப்பதை விட்டு உங்கள் வட்டம் இதையல்லவா செய்ய வேண்டும் என்று ஒரு போடு போட்டார்.

சரி, அப்புறம்? 1912 பிப்ரவரியில், பூரிம் சமயத்தில், நியூயார்க்கின் எமானு-எல் யூத ஆலயத்தில் பெண்கள் கூடினார்கள். பூரிம் நாயகி எஸ்தரின் எபிரேயப் பெயர்தான் ஹடாசா. மறு ஆண்டே ரோஸ் கப்லான், ரேச்சல் லாண்டி என்ற இரண்டு நர்ஸுகள் ஜெருசலேம் போய்ச் சேர்ந்தார்கள். கண் நோயும் பிரசவமும்தான் அவர்கள் வேலை. இன்று அந்த ஊரில் ஹடாசாவுக்கு இரண்டு பெரிய மருத்துவமனைகள்.

சங்கம் தொடங்கியபோது சோல்டுக்கு 51 வயது. அந்த வயதில் நம்மைப் பேரப்பிள்ளை வளர்க்கத்தான் கூப்பிடுவார்கள்.

எனக்கும் நாலு வாட்ஸ்அப் தோழிகள் குழு இருக்கிறது. காலை வணக்கம், பிறந்தநாள் கேக், பூப்படம். ஒன்றிலும் எனக்குத் தோழி கிடைக்கவில்லை. கூடிப் பேசத்தான் அந்தக் குழுக்கள். கையில் கொடுக்க ஒரு வேலையும் இல்லை. அந்த மாவு மேசையில் எனக்கு வேலை இருந்தது.

கிளம்பும்போது ஒருவர் என்னிடம், கார் ஓட்டுவாயா என்று கேட்டார். ஓட்டுவேன் என்றேன். முதியோர் இல்லத்துக்கு 40 பொட்டலம் போக வேண்டும், வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்துவிடு என்றார்.