பச்சைக் கோட்டை நம்பி சைக்கிளை எடுத்தால்

சிங்கப்பூரில் மிதிவண்டிப் பாதை வரைபடம் என்று வழவழப்பான தாளில் ஒன்றை அச்சடித்து வைக்கிறார்களே, அதைப் பற்றி இன்றைக்குக் கொட்டித் தீர்த்துவிடப் போகிறேன். பூங்கா வாசலில் பலகையாக நிற்பதும் அதேதான், இணையத்தில் இறக்கிக்கொள்வதும் அதேதான். தீவைச் சுற்றி ஒரு பச்சைக் கோடு, குறுக்கே நாலைந்து கோடுகள், மூலையில் நீர்நாய் படம், தலைக்கவசம் போட்டுச் சிரிக்கும் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அங் மோ கியோவிலிருந்து பெண்டமீர் பக்கம் இருக்கும் வேலையிடத்துக்கு எட்டு மணிக்குள் போய்ச் சேருங்கள் பார்ப்போம்.

அந்தக் கோடு எங்கேயுமே உடைவதில்லை. அதுதான் எனக்கு முதல் எரிச்சல். தரையில் பாதை உடைகிறது, மறைகிறது, சாலைக்கு அந்தப் பக்கம் தாவுகிறது, பேருந்து நிறுத்தத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. தாளில் மட்டும் வழுக்கிக்கொண்டு போகிறது. கல்லாங் ஆற்றோரமாக பீஷானிலிருந்து நகரத்தை நோக்கி வந்தவர்களுக்குத் தெரியும், ஆறு எல்லாச் சாலைக்கும் அடியில் புகுந்து நிம்மதியாகப் போய்விடும், நமக்குத்தான் அந்த வசதி இல்லை. சிராங்கூன் சாலை வந்தால் இறங்கு. தீவு விரைவுச்சாலை வந்தால் மேம்பாலத்தைத் தேடு. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறுகிறவனைப் பார்த்து எதிரே வரும் ஆன்ட்டிகள் பரிதாபப்படுகிறார்கள். பீஷானிலிருந்து நகர்வரை தடையில்லாமல் வர பாலமும் சுரங்கப்பாதையும் கட்டும் திட்டத்தை எப்போதோ அறிவித்துவிட்டார்கள். நல்லது, வரட்டும். வேலை முடிந்து திறக்கும்வரை அந்த இடத்தில் கோட்டை உடைத்து, பக்கத்தில் சின்னதாக ஒரு படிக்கட்டு படம் போட்டால் என்ன குறைந்துவிடும்? நீர்நாய்க்கு இடம் இருக்கிறதே!

சரி, படிக்கட்டாவது கைவலியோடு போகிறது. சட்டம் அப்படியில்லை. சிங்கப்பூரில் நடைபாதையில் மிதிவண்டி மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. மிதிவண்டிப் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25 வரை போகலாம். மின்சைக்கிள் என்றால் நடைபாதைப் பக்கமே தலைகாட்டக்கூடாது. போதாததற்கு 2025 ஜூலை 1 முதல், மிதிவண்டிப் பாதைக்குப் பக்கத்திலேயே ஓடும், நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய பாதையில் சைக்கிள் ஏறினாலும் குற்றம். அந்த விதியை நான் குறை சொல்லவில்லை. வயதானவர்கள் பயமில்லாமல் நடக்க வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் எது எந்த வகைப் பாதை என்பதை வரைபடம் சொல்ல வேண்டாமா? எல்லாம் ஒரே பச்சை. சிவப்புச் சாயம் பூசிய தனிப்பாதையும் பச்சை, அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே போகும் ஒடுங்கிய நடைபாதையும் பச்சை. மின்சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் தம்பிகள் இதை நம்பிப் போனால், அபராதச் சீட்டு கைக்கு வந்த பிறகுதான் தெரியும் அந்தக் கோடு எந்த வகை என்று.

பாதையின் தரம் பற்றியும் ஒரு வார்த்தை கிடையாது. மலாயா ரயில் ஓடிய பழைய தடம், 2011இல் ரயில் நின்ற பிறகு பசுமைப் பாதையாகிவிட்டது. சுமார் 24 கிலோமீட்டர், தஞ்சோங் பகாரிலிருந்து வடக்கே உட்லண்ட்ஸ்வரை. எனக்கு அந்தப் பாதை உயிர். ஆனால் பல இடங்களில் மண்ணும் சரளையும்தான், இருட்டினால் விளக்கில்லாத நீண்ட பகுதிகள் உண்டு. மெல்லிய டயர் வண்டியோடு அடைமழைக்குப் பிறகு அங்கே இறங்கியவர் முதுகைப் பார்த்தால் போதும், சேறு தானாகக் கதை சொல்லும். வரைபடத்தில்? அதே பச்சை. வடகிழக்கே பூங்காவாக இருக்கும் கோனித் தீவுக்கு வாசல் கதவு இருக்கிறது, மாலை ஏழு மணிக்கு மூடிவிடுவார்கள். வேலை விட்டுப் பொங்கோல் பக்கமிருந்து அந்த வழியாக லோரோங் ஹாலுஸுக்குப் போகலாம் என்று கோட்டைப் பார்த்துத் திட்டம் போடுகிறவருக்கு இதை யார் சொல்வது? கதவுதான் சொல்லும்.

இன்னும் பெரிய கொடுமை கட்டுமான வேலை. வடக்கு-தெற்குத் தடம் என்று புது விரைவுச்சாலை ஒன்று 21.5 கிலோமீட்டருக்கு வருகிறது. முடிந்தால் அதன் மேலேயே மிதிவண்டிக்குத் தனி வழியும் உண்டு என்கிறார்கள், அதற்காகக் காத்திருக்கும் ஆட்களில் நானும் ஒருவன். ஆனால் அங் மோ கியோ அவென்யூ 6 பக்கம் இருப்பவர்களைக் கேளுங்கள், இத்தனை வருடமாகத் தகரத் தடுப்பு எங்கே முளைக்கும், நடைபாதை எந்தப் பக்கம் வளையும் என்று அவர்களுக்கே தெரியாது. மாற்றுவழி என்று ஒரு மஞ்சள் அம்புக்குறி நட்டிருப்பார்கள். அதைப் பின்பற்றிப் போனால் இன்னொரு தகரத் தடுப்பு. அங்கே அம்புக்குறி கிடையாது. இடம் தெரியும், ஏறக்குறைய எத்தனை காலத்துக்கு என்பதும் தெரியும், ஒப்பந்தக்காரரிடம் எல்லாம் வரைந்து வைத்த படம் இருக்கும். மிதிவண்டி வரைபடத்தில் மட்டும் அந்த இடம் அமைதியாகப் பச்சையாக இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தின் பேரைப் போட்டுவிட்டு எந்த ஊர் என்பதை விட்டுவிட்ட மாதிரி.

ஜூரோங் பக்கம் தொழிலாளர் விடுதியில் இருக்கும் ஒரு தம்பி, பட்டுக்கோட்டைக்காரர், என்னிடம் கேட்டார்: “அண்ணே, ஞாயித்துக்கிழமை தேக்காவுக்கு சைக்கிள்லயே போயிரலாம்னு பாக்குறேன். வழி இருக்காண்ணே?” தேக்கா என்றால் லிட்டில் இந்தியா, நம்மவர் கடைகளும் கோவில்களும் இருக்கும் வட்டாரம். பழைய சைக்கிள் ஒன்றைக் கூட்டாளிகள் சேர்ந்து வாங்கியிருக்கிறார்கள். நான் கெத்தாக வரைபடத்தை எடுத்து விரித்தேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இது சுத்திச் சுத்தி கிளம்புன எடத்துக்கே வருதேண்ணே” என்றார்.

எல்லாக் குறையும் அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது. இந்த வரைபடங்களில் பெரிய எழுத்தில் இருப்பவை எல்லாம் சுற்றுகள். கிழக்குக் கரையோரச் சுற்று, 42 கிலோமீட்டர், 2007இல் திறந்தது. வடக்குக்கு ஒரு சுற்று, மேற்குக்கு ஒரு சுற்று. ஜூரோங் ஏரியிலிருந்து கோனித் தீவுவரை 36 கிலோமீட்டர் தடம் ஒன்று இருக்கிறது, அது சுற்று இல்லைதான், ஆனால் அதுவும் மரம் செடி பார்க்கப் போகிறவர்களுக்கானது. ஞாயிற்றுக்கிழமை காரின் பின்னால் சைக்கிளை மாட்டி எடுத்துவந்து, ஒரு ரவுண்டு அடித்து, காப்பி குடித்துவிட்டுத் திரும்புகிறவருக்கு இவை போதும். அவர் மேல் எனக்குப் பொறாமை இல்லை, கொஞ்சம் இருக்கிறது, அதை விடுங்கள். வேலைக்குப் போகிறவனுக்கும், சந்தைக்குப் போகும் அம்மாவுக்கும், கோவிலுக்கும் காய்கறிக்கும் தேக்கா போகும் தொழிலாளிக்கும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக வேண்டும். நான் பார்த்த வரைபடம் எதிலும் தேக்காவில் சைக்கிளை எங்கே பூட்டலாம் என்று ஒரு குறி இல்லை. தமிழிலும் ஒரு வரி இல்லை.

வண்டி நிறுத்தும் இடத்தைக் குறிக்கத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். வாடகைச் சைக்கிள் எடுத்தவர்கள் மஞ்சள் கட்டத்துக்குள் நிறுத்தி, அங்கே இருக்கும் கியூஆர் குறியை ஸ்கேன் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் 5 வெள்ளி (டாலர்) போய்விடும். அந்தக் கட்டங்கள் செயலியில் எவ்வளவு துல்லியமாகத் தெரிகின்றன தெரியுமா? எந்த புளோக், எந்தத் தூண் பக்கம் என்றுகூடக் கண்டுபிடித்துவிடலாம். ஆக, காசு பிடிக்க வேண்டிய இடத்தில் வரைபடம் கச்சிதமாக வருகிறது.

2030க்குள் 1,300 கிலோமீட்டர் மிதிவண்டிப் பாதை என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். பெரிய எண், நிஜமாகவே பெரிய வேலை, பாராட்டுகிறேன். என் பயம் வேறு. கிலோமீட்டரை மட்டும் எண்ண ஆரம்பித்தால், இங்கே முந்நூறு மீட்டர், அங்கே ஐந்நூறு மீட்டர் என்று துண்டுதுண்டாகப் போட்டாலும் கணக்கு ஏறிவிடும். அந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று சேர்கின்றனவா என்று காட்டத்தான் வரைபடம். சேராத இடத்தை மறைத்தால் இன்னும் எங்கே வேலை பாக்கி என்று பாதை போடுகிறவர்களுக்கே தெரியாமல் போகும்.

“ஃபோனில் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதானே” என்று ஒருவர் வருவார், எப்போதும் வருவார். ஐயா, நம்மூர் மழையில் நனைந்த விரலால் நனைந்த திரையைத் தடவிப் பார்த்திருக்கிறீர்களா? அது தன் இஷ்டத்துக்கு எல்லைக்கு அப்பால், மலேசியாவில் இருக்கும் ஜொகூர் பாருவைக் காட்டும். அதோடு, ஃபோனில் வழிகாட்டும் சில செயலிகளும் இதே குறையுள்ள தகவலைத்தான் வாங்கிப் போடுகின்றன. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்று தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் வரைபடம் ஒன்று இருக்கிறது. படிக்கட்டா, சரளையா, விளக்கு உண்டா, சைக்கிள் தள்ளச் சரிவு உண்டா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குறிக்க அதில் வழி இருக்கிறது. நம் ஊரில் ஆட்கள் உட்கார்ந்து அதைச் செய்துகொண்டும் இருக்கிறார்கள், ஒரு காசு வாங்காமல்.

வழவழத் தாளுக்குப் பொறுப்பானவர்களுக்கு மேம்பாலம், கதவு, தகரத் தடுப்பு எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்பினேன். கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது, மிகப் பணிவான பதில். அப்புறம் புதிய பதிப்பும் வந்தது. தாள் இன்னும் கெட்டியாக இருக்கிறது, பச்சை கொஞ்சம் வெளிர்ந்திருக்கிறது, நீர்நாய் ஒன்றுக்கு மூன்றாகிவிட்டது. படிக்கட்டைக் காணோம்.