கியூஇஐ சான்றிதழ் விசா ஆகாது

"கியூஇஐ சான்றிதழ் இருந்தால் அமெரிக்காவில் லிஃப்ட் ஆய்வாளர் வேலைக்கு எச்-1பி விசா உறுதி, லேபர் சான்றுக்கான செலவை மட்டும் நாம் கட்டினால் போதும்" என்று சிலர் சொல்வது தவறு. கியூஇஐ (Qualified Elevator Inspector) என்பது அமெரிக்க இயந்திரப் பொறியாளர்கள் சங்கமான ஏஎஸ்எம்இ வகுத்த தரத்தின்படி ஆய்வாளரின் தகுதியைச் சான்றளிப்பது. அது அந்நாட்டில் வேலை செய்யும் உரிமையைத் தராது, பல மாநிலங்களில் தனி உரிமமும் பெற வேண்டும். எச்-1பி, குறிப்பிட்ட துறையில் குறைந்தது இளநிலைப் பட்டம் தேவைப்படும் பணிகளுக்கு உரியது. லிஃப்ட் ஆய்வோ பெரும்பாலும் களத்தில் மெக்கானிக்காகப் பெற்ற அனுபவத்தை வைத்துத் தரப்படும் வேலை என்பதால், அந்த வழியில் ஒப்புதல் பெறுவது கடினம். குறைந்தது 2 ஆண்டு அனுபவமோ பயிற்சியோ தேவைப்படும் வேலைகளுக்கான ஈபி-3 கிரீன் கார்டு பிரிவே இதற்குக் கூடுதலாகப் பொருந்தும். ஆனால் இந்தியாவில் பிறந்தவர்கள் அதில் பல ஆண்டுகள் காத்திருக்க நேரிடுகிறது.

பணம் பற்றிய யோசனைதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. லேபர் சான்று என்பது, அந்த வேலைக்கு உள்நாட்டில் தகுந்த ஆள் கிடைக்கவில்லை என்று அமெரிக்கத் தொழிலாளர் துறை தருவது; அது அந்த கிரீன் கார்டு வழியில் வருவது. அதற்கான விளம்பரச் செலவையும் தம் வழக்கறிஞரின் கட்டணத்தையும் முதலாளியே ஏற்க வேண்டும் என்று 2007 முதல் கூட்டாட்சி விதி இருக்கிறது, தொழிலாளியிடம் அதை வசூலிப்பது விதிமீறல். நகையை அடகு வைத்து ஏஜென்ட்டிடம் கட்டும் முன், அந்தத் தொகை எதற்கு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.